பெயர் ஓரிடம், உயிர் ஓரிடம்

நூலுக்கும் குலமரபு உண்டு என்பது தமிழிலக்கணத்தின் பழைய கொள்கை. தொல்காப்பிய மரபியல் நூலை முதல், வழி என இரண்டாகப் பகுக்கும். நன்னூல் சார்பு என்னும் ஒன்றையும் சேர்த்து மூன்றாக்கும். முன்னவர் கண்ட முடிவை ஏற்றுக்கொண்டு, தனக்கு வேண்டிய வேறுபாட்டையும் சேர்த்து நடப்பது வழிநூல். அதனைச் செய்வோர் முதனூலாசிரியரிடம் இசைவு பெற வேண்டும் என்று இலக்கணம் விதிக்கவில்லை. கம்பர் தாம் வான்மீகியாரின் வழியை மேற்கொண்டதை வெளிப்படையாகக் கூறிவிட்டே தம் காப்பியத்தைப் பாடினார். அயோத்தி எவருடைய பதிவு பெற்ற உடைமையும் அன்று.

இன்று நிலை வேறு. கதைமாந்தரின் பெயர், அவர் வாழும் ஊரின் பெயர், படைப்பின் தலைப்பு ஆகிய அனைத்தும் உடைமைகள். திரைப்படம், படக்கதை, வீடியோ விளையாட்டு எனப் பலர் கூடி ஊதியத்துக்குச் செய்யும் கலைகளில் அவ்வுடைமை பெரும்பாலும் படைத்தவரிடம் இருப்பதில்லை. பணம் போட்ட நிறுவனத்திடம் இருக்கிறது. படைத்தவர் நிறுவனத்தை விட்டு நீங்கும்போது தம் மாந்தரை அங்கேயே விட்டுவிட்டுத்தான் நீங்க வேண்டும். ஆயினும் சட்டம் ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. எண்ணத்தை அது எவருக்கும் உடைமையாக்குவதில்லை. எண்ணம் மேற்கொண்ட வடிவத்தையே உடைமையாக்குகிறது. இந்த இடைவெளியில் பிறப்பவைதாம் மேலைநாட்டார் 'ஸ்பிரிச்சுவல் சக்சஸர்' என்று வழங்கும் படைப்புகள். தமிழில் இவற்றை உயிர்வழி வாரிசுகள் எனலாம். முன்னதன் பெயரோ மாந்தரோ கதைத் தொடர்ச்சியோ இவற்றில் இரா. முன்னது எதற்காக விரும்பப்பட்டதோ அது மட்டும் இருக்கும், இருக்க வேண்டும்.

அந்த 'வேண்டும்' என்னும் சொல்லில்தான் திறனாய்வுக்கு வேலை இருக்கிறது. பெயரோடு வரும் இரண்டாம் பாகம் தன் உறவை மெய்ப்பிக்கத் தேவையில்லை. அட்டையில் அச்சிட்ட தலைப்பே அதற்குச் சான்று. பெயரின்றி வருவதோ முன்னதன் உயிர் எங்கே இருந்தது என்று தானே தேடிக் காண வேண்டும். அத்தேடலில் பிழை நேர்ந்தால் பெயரும் இல்லை, உயிரும் இல்லை என்னும் நிலை ஏற்படும்.

இதற்குப் பலரும் அறிந்த சான்று ஜார்ஜ் லூக்காஸின் 'ஸ்டார் வார்ஸ்'. அலெக்ஸ் ரேமண்ட் 1934-இல் தொடங்கிய 'ஃபிளாஷ் கார்டன்' படக்கதையையும், அதன் வழி வந்த வாரத் தொடர்ப் படங்களையும் கண்டு வளர்ந்தவர் அவர். அதையே புதிதாகப் படமாக்க உரிமை கேட்டார், கிடைக்கவில்லை. ஆகவே தமக்கென ஒரு விண்வெளியைப் படைத்தார். எழுத்து வரிகள் மேல்நோக்கி நகர்ந்து தொலைவில் மறையும் அந்தத் தொடக்கம் பழைய தொடர்ப் படங்களிலிருந்து வந்தது. ஆனால் கதையை எளியவர் இருவரின் கண்வழியே தொடங்கும் உத்தி, அகிரா குரோசாவாவின் 1958-ஆம் ஆண்டுப் படமாகிய 'மறைந்த கோட்டை'யிலிருந்து வந்தது. அங்கே உழவர் இருவர். இங்கே இயந்திர மனிதர் இருவர். உரிமை கிடைத்திருந்தால் லூக்காஸ் ஒரு தந்தைக்கு மட்டுமே மகனாக இருந்திருப்பார். கிடைக்காமையால் இரு குலத்துக்கும் வாரிசானார். 'ஸ்டார் வார்ஸ்' 1977-இல் வந்தது. பெயருரிமையோடு எடுக்கப்பட்ட 'ஃபிளாஷ் கார்டன்' 1980-இல் வந்தது. அது பழைய கதையைப் பாதி கேலியாகவே நோக்கிய படம். பெயரைப் பெற்றவர்கள் அதை நம்பவில்லை, பெறாதவர் நம்பினார்.

படக்கதை உலகில் இதனினும் கூர்மையான சான்று ஒன்று உண்டு. சார்ல்டன் என்னும் சிறு பதிப்பகத்தின் வீரமாந்தர் சிலரை 1983-இல் டிசி நிறுவனம் விலைக்கு வாங்கியது. அவர்களை வைத்து ஆலன் மூர் ஒரு கதையைத் திட்டமிட்டார். அக்கதையின்படி நடந்தால் வாங்கிய மாந்தருள் சிலர் மடிவர். சிலர் இனி எதற்கும் பயன்படாதவாறு சிதைவர். வாங்கிய பொருளை உடைக்க எந்த முதலாளி உடன்படுவார்? சொந்த மாந்தரைப் படைத்துக்கொள்ளுமாறு பதிப்பாசிரியர் கூறினார். அவ்வாறு 1986, 1987 ஆகிய ஆண்டுகளில் பன்னிரண்டு இதழ்களாக வெளிவந்ததே மூரும் ஓவியர் டேவ் கிப்பன்ஸும் செய்த 'வாட்ச்மென்'. ஸ்டீவ் டிட்கோ படைத்த 'குவெஸ்சன்' என்னும் முகமற்ற வீரன் இதில் ரோர்ஷாக் ஆனான். டிட்கோவின் வீரனுக்கு உலகில் நன்மையும் தீமையும் மட்டுமே உண்டு, இடைப்பட்டது இல்லை. ரோர்ஷாக்கின் முகமூடியிலும் கருமையும் வெண்மையும் ஓயாமல் நகர்கின்றன, ஒருபோதும் கலப்பதில்லை. முன்னவன் பெருமையாகக் கொண்ட கொள்கையைப் பின்னவன் நோயாகச் சுமக்கிறான். வாரிசு என்பவன் தந்தையை வழிமொழிபவன் மட்டும் அல்லன். தந்தையோடு வழக்காடுபவனும் அவனே. அவ்வழக்கு பழைய பெயரில் நடந்திருக்க இயலாது.

வீடியோ விளையாட்டுகளில் இவ்வகை வாரிசுகள் மிகுதி. அதற்குக் காரணம் அக்கலையின் இயல்பிலேயே இருக்கிறது. விளையாட்டின் உயிர் கதையில் மட்டும் இல்லை, விதிகளில் இருக்கிறது. ஒரு நாளுக்கு எவ்வளவு நேரம், ஓர் அடிக்கு எவ்வளவு களைப்பு, ஒரு தவற்றுக்கு என்ன தண்டனை என்பன போன்ற விதிகள் ஆடுபவரின் மனத்தில் ஓர் உணர்ச்சியை உண்டாக்குகின்றன. செய்யுளுக்கு யாப்பு எப்படியோ, விளையாட்டுக்கு விதி அப்படி. வெண்பாவை எவரும் உடைமையாக்க இயலாதவாறு போலவே, விதிகளையும் எளிதில் உடைமையாக்க இயலாது. 'வேஸ்ட்லேண்ட்' 1988-இல் வெளிவந்தது. அணுப்போருக்குப் பின் பாழ்நிலமான அமெரிக்காவைக் காட்டிய அதன் பெயர் வெளியீட்டாளரிடம் தங்கிவிட்டது. அதைச் செய்த இன்டர்பிளே நிறுவனத்தார் அதே பாழ்நிலத்தை 1997-இல் 'ஃபால்அவுட்' என்று வேறு பெயரில் படைத்தனர். பின்னர் அந்தப் பெயரும் அவர்கள் கையை விட்டு விற்பனையாயிற்று. உடைமை உலகில் வாரிசுக்கும் அதே விதிதான் போலும்.

ஆயினும் பெயர், உடல், உயிர் ஆகிய மூன்றும் முற்றிலும் பிரிந்து மூன்று திசையில் சென்ற கதை ஒன்று உண்டு. யாசுஹிரோ வாடா என்பவர் ஜப்பானின் கியூஷு தீவில் மியாசாக்கியில் வளர்ந்து தோக்கியோவுக்கு வந்தவர். நகர வாழ்வில் ஊரின் நினைவு அவரை விடவில்லை. அக்காலத்து விளையாட்டுகளில் பெரும்பாலானவை போரைப் பற்றியவை. அவர் போரே இல்லாத ஒன்றைச் செய்ய விரும்பினார். 1996-இல் 'பொகுஜோ மோனோகதாரி', அதாவது பண்ணைக் கதை, வெளிவந்தது. களையெடுத்தல், நீர் ஊற்றுதல், பசுவைப் பேணுதல், ஊர்த் திருவிழாவுக்குச் செல்லுதல், மணம் புரிதல் ஆகியவையே அதன் செயல்கள். பகைவன் என்று எவனும் இல்லை. கதிரவன் மறைவதுதான் பகை. ஆங்கிலத்தில் அது 'ஹார்வெஸ்ட் மூன்' என்று வழங்கியது. அந்த ஆங்கிலப் பெயர் ஜப்பானில் செய்தவர்களுக்கு உரியது அன்று. அதை ஆங்கிலத்தில் வெளியிட்ட நட்சுமே நிறுவனத்துக்கு உரியது. 2014-இல் இரு தரப்பும் பிரிந்தன. ஜப்பானிய மூலத்தின் நேர்த்தொடர்ச்சி ஆங்கிலத்தில் 'ஸ்டோரி ஆஃப் சீசன்ஸ்' என்னும் புதுப்பெயரை ஏற்க நேர்ந்தது. நட்சுமேயோ மூலத்தோடு தொடர்பற்ற புதிய விளையாட்டுகளைச் செய்து பழைய பெயரில் விற்கத் தொடங்கியது. கடைக்குச் சென்று 'ஹார்வெஸ்ட் மூன்' கேட்ட வாடிக்கையாளருக்குக் கிடைத்தது அவர் கேட்டது அன்று.

பெயர் இப்படியும் உடல் அப்படியும் சென்ற காலத்தில், உயிர் எவரும் எதிர்பாராத ஓரிடத்தில் தங்கியிருந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கணினியியல் கற்று வேலை கிடைக்காமல் இருந்த எரிக் பரோன் என்னும் இளைஞர், பயிற்சிக்காக ஒரு சிறு விளையாட்டைச் செய்யத் தொடங்கினார். சிறுவயதில் அவர் ஆடி மகிழ்ந்த பண்ணைத் தொடர் பின்னாளில் தரம் குறைந்துகொண்டே வந்ததாக அவருக்கு ஒரு குறை. அந்தக் குறையைக் கட்டுரையாக எழுதாமல் விளையாட்டாகவே எழுதினார் எனலாம். ஓவியம், இசை, உரையாடல், நிரல் ஆகிய அனைத்தையும் ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் தனியொருவராகச் செய்தார். 2016 பிப்ரவரியில் 'ஸ்டார்டியூ வேலி' வந்தது. எட்டு ஆண்டுகளில் மூன்று கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்பனையாயின. வாடாவிடம் அவர் பணியாற்றியவர் அல்லர். மூலத்தைச் செய்த நிறுவனத்தில் கால் வைத்தவரும் அல்லர். ஆடியவர் என்பது ஒன்றே அவருக்கு இருந்த உறவு.

வாரிசாக அவர் செய்த வேறுபாடு நுட்பமானது. வாடாவின் பண்ணை ஊரை நினைத்து ஏங்கியவரின் பண்ணை. பரோனின் பண்ணை அலுவலகத்தை விட்டு ஓடியவரின் பண்ணை. விளையாட்டின் தொடக்கத்தில் நாயகன் ஒரு பெருநிறுவனத்தின் நீண்ட கூடத்தில், தட்டிகளால் அடைத்த சிறு மேசையின் முன் அமர்ந்திருக்கிறான். வாழ்வு சலிக்கும் நாளில் திறக்குமாறு பாட்டனார் தந்த கடிதத்தை அங்கேதான் பிரிக்கிறான். அதே நிறுவனத்தின் கடை அவன் செல்லும் சிற்றூரிலும் முளைத்திருக்கிறது. குடியில் மூழ்கியவர், போர்க்களத்திலிருந்து மீண்டும் மீளாதவர் ஆகியோரும் அவ்வூரில் உள்ளனர். மூலத்தின் ஊரில் இத்துணை வடு இல்லை. மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் பாட்டனாரின் ஆவி வந்து, பேரன் நிலத்தை எப்படிக் காத்தான் என்று மதிப்பிட்டு விளக்கேற்றுகிறது. உயிர்வழி வாரிசு ஒன்றின் கதைக்குள்ளேயே முன்னோர் வாரிசைச் சோதிக்கும் காட்சி அமைந்திருப்பது தற்செயலாகவும் இருக்கலாம், ஆயினும் பொருத்தமானது.

இதனால் குறையற்றது என்று கொள்ள வேண்டுவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, ஆடுபவர் தானே நீர் தெளிக்கும் கருவிகளை வரிசையாக நட்டு, ஒவ்வோர் அடி நிலத்துக்கும் வருவாய்க் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறார். பண்ணை தொழிற்சாலையாகிறது. அலுவலகத்திலிருந்து தப்பியவர் அலுவலகத்தைத் தம் தோட்டத்திலேயே கட்டிவிடுகிறார். மண்ணில் உழைத்தால் மண் தவறாமல் பலன் தரும் என்பதும் உழவர் அறிந்த உண்மை அன்று. முதனூலில் இருந்த இக்குறையை வழிநூல் பெரிதாக்கியிருக்கிறதேயன்றித் திருத்தவில்லை.

படைத்தவரே மீண்டும் படைத்தால் உயிர் தானே வந்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. கெய்ஜி இனாஃபுனே கேப்காம் நிறுவனத்தில் 'மெகா மேன்' தொடரின் தொடக்கம் முதலே ஓவியராகவும் பின்னர்த் தயாரிப்பாளராகவும் இருந்தவர். 2010-இல் விலகினார். 2013-இல் 'கிக்ஸ்டார்ட்டர்' என்னும் தளத்தின் வழி, அதே போன்ற நீல இயந்திரச் சிறுவனைக் கொண்ட விளையாட்டுக்குப் பொதுமக்களிடம் ஒன்பது இலட்சம் டாலர் கேட்டார்; முப்பத்தெட்டு இலட்சத்துக்கு மேல் கிடைத்தது. பல முறை தள்ளிப்போன 'மைட்டி நம்பர் 9' 2016-இல் வந்தபோது, காத்திருந்தவர்கள் ஏமாற்றமே அடைந்தனர். எட்டுப் பகைவர், தோற்றவரிடமிருந்து பெறும் ஆற்றல், நீல நிறம் என உடலின் உறுப்புகள் எல்லாம் எண்ணிக்கை பிசகாமல் இருந்தன. ஒவ்வொரு தாவலையும் அளந்து வைத்த பழைய இறுக்கம் மட்டும் இல்லை. உரிமையைக் கையில் வைத்திருந்த கேப்காம் 2018-இல் வெளியிட்ட பதினோராம் 'மெகா மேன்' இதனினும் நன்கு வரவேற்கப்பட்டது. ஆகவே நிறுவனத்திடம் எப்போதும் வெறும் கூடுதான் எஞ்சும், உயிர் எப்போதும் படைத்தவரோடு வெளியேறிவிடும் என்று விதி வகுப்பதற்கில்லை. விதி வகுக்க இயலாத இடத்தில் ஒவ்வொரு படைப்பையும் தனித்தனியே படித்துத்தான் பார்க்க வேண்டும்.

அவ்வாறு படிக்கத்தக்க நீண்ட குலமரபு ஒன்று சீனத்தில் தொடங்குகிறது. ஷி நாய்ஆன் பெயரால் வழங்கும் 'சுய்ஹு சுவான்', அதாவது நீர்க்கரைக் கதை, அரசின் கொடுமையால் சட்டத்துக்குப் புறம்பான நூற்றெட்டு வீரர் லியாங்ஷான் சதுப்பு நிலத்தில் ஒன்றுகூடுவதைச் சொல்வது. வானத்து விண்மீன்களோடு இணைத்து அவர்களின் பெயர்களைப் பொறித்த கல் ஒன்று அதில் வெளிப்படுகிறது. அக்கதை ஜப்பானுக்குச் சென்று 'சுய்கோடென்' என்று அந்நாட்டு ஒலிப்பில் வழங்கியது. அதன் தாக்கத்தால் பாகின் என்னும் எழுத்தாளர் எட்டு வீரரைப் பற்றிய 'ஹக்கென்டென்' என்னும் பெருங்கதையை 1814 முதல் 1842 வரை இருபத்தெட்டு ஆண்டுகள் எழுதினார். முடிவதற்குள் கண் பார்வை போய்விட்டது. மருமகளிடம் சொல்லச் சொல்ல, அரிய எழுத்துகளை அவளுக்குக் கற்பித்துக் கற்பித்தே கதையை முடித்தார். சீன நீர்க்கரையின் வீரன் ஒருவன்கூட அந்நூலில் இல்லை. சிதறிக் கிடப்பவர் ஊழின் வழியே ஒன்றுசேர்கின்றனர் என்னும் உயிர் இருக்கிறது.

யோஷிடாகா முராயாமா கொனாமி நிறுவனத்துக்காக எழுதி 1995-இல் வெளிவந்த விளையாட்டு அப்பழம்பெயரையே தாங்கி 'சுய்கோடென்' என்று வழங்கியது. நாயகன் பேரரசின் படைத்தலைவரது மகன். அரசின் கொடுமையைக் கண்டு கிளர்ச்சியாளரோடு சேர்கிறான். நூற்றெண்மரையும் தேடித் தேடிச் சேர்ப்பதே ஆடுபவரின் பணி. கோட்டையில் ஒரு கற்பலகை நிற்கிறது. முதலில் அதில் இடம் மிகுதியும் வெறுமையாக இருக்கும். ஒருவர் சேரச் சேர ஒரு பெயர் தோன்றும். வருபவர் எல்லாரும் வாள்வீரர் அல்லர். சமையல் செய்பவர், குளியலறை கட்டுபவர், விடுதி நடத்துபவர் எனப் பலர். பாழடைந்த கோட்டை சிறிது சிறிதாக ஊராகிறது. இந்த மகிழ்ச்சியை முழுமையாகத் தந்துவிட்டு, கதை அதற்கு விலை கேட்கிறது. மகன் தன் தந்தையையே களத்தில் எதிர்த்து நிற்கிறான், தந்தை மடிகிறார். 1998-இல் வந்த இரண்டாம் பாகத்தில் தந்தைக்குப் பதில் நண்பன். சொந்தப் படைத்தலைமையாலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு ஒன்றாக உயிர் தப்பிய சிறுவர் இருவரில் ஒருவன் பகைநாட்டின் அரசனாகிறான். போரை நிறுத்தவே இருவரும் விரும்புகின்றனர். அதனாலேயே இருவரும் போர் செய்கின்றனர். இவ்வகை விளையாட்டுகளுள் இத்துணை நேர்மையான அவலம் அரிது.

மூன்றாம் பாகம் வெளிவந்த 2002-இல் முராயாமா நிறுவனத்தை விட்டு விலகினார். அவரின்றியும் தொடர் சில ஆண்டுகள் சென்றது, பின்னர் நின்றது. கற்பலகையும் நூற்றெண்மரும் கொனாமியின் பெட்டிக்குள் இருந்தனர். 2020 ஜூலையில் அவரும் பழைய தோழர் சிலரும் பொதுமக்களிடம் நிதி கேட்டனர். முதற்பாகத்தின் மாந்தரை வரைந்த ஜுன்கோ கவானோவும் அவர்களுள் ஒருவர். நாற்பத்தைந்து இலட்சம் டாலருக்கு மேல் திரண்டது. கேட்ட விளையாட்டின் பெயர் 'எய்யூடென் குரோனிக்கல்: ஹண்ட்ரட் ஹீரோஸ்'. நூற்றெட்டு என்று கூற வழியில்லை, ஆகவே நூறு.

அவ்விளையாட்டில் கோட்டை இருக்கிறது; ஆள் சேர்க்கும் மகிழ்ச்சியும் குறையாமல் இருக்கிறது. ஒரு சமையற்காரர் வந்து சேர்ந்ததும் வெறுங்கூடம் உணவுக்கூடமாவதைக் காணும்போது, பழைய தொடரை ஆடியவருக்குத் தொண்டை அடைக்கும். பேரரசின் பக்கம் ஒருவனும் எதிர்ப்பக்கம் ஒருவனுமாகப் பிரியும் நண்பர் இருவரும் உள்ளனர். ஆனால் பிரிவு ஆழமாக வெட்டுவதில்லை. நாயகன் நோவா எப்போதும் நம்பிக்கை குன்றாதவன். அவன் இழக்கக்கூடாத ஒன்றைக் கதை அவனிடமிருந்து பறிக்கத் தயங்குகிறது. பந்தயங்கள், சீட்டாட்டம், சமையற்போட்டி எனத் துணை விளையாட்டுகள் பெருகி, போரின் நிழலை மறைத்துவிடுகின்றன. பழைய தொடரில் கூடுதலும் இழத்தலும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். புதியதில் கூடுதல் ஒரு பக்கம் மட்டுமே அழுத்தமாகப் பொறிக்கப்பட்டுள்ளது. நிதி தந்தவர் கேட்டது தாங்கள் இழந்த மகிழ்ச்சியை. முன்னதில் அம்மகிழ்ச்சியின் அருகே நின்ற துயரத்தை எவரும் பணம் தந்து கேட்கமாட்டார். ஆசிரியர்தாம் கேளாமலே தர வேண்டும். முன்கூட்டியே விரும்புவோரின் கணக்கில் நின்று எழுதும் எந்தப் படைப்புக்கும் இந்த இடர் உண்டு. தாம் விரும்பும் பழைய ஆசிரியரின் சாயலில் சிறுகதை எழுத முயலும் மாணவருக்கும் இது புறம்பான செய்தி அன்று. சாயலில் முதலில் வருவது இனிமை. கடைசியில் வருவது அல்லது வராமலே போவது கடுமை.

இவ்வளவு குறை கூறினாலும் அதை 'மைட்டி நம்பர் 9'-இன் வரிசையில் வைப்பது முறையாகாது. அதில் உறுப்புகள் இருந்தன. இதில் துடிப்பே இருக்கிறது, பாதி வேகத்தில். முழு வேகத்தைப் பெறுவதற்கு மற்றுமொரு பாகம் தேவைப்பட்டிருக்கலாம். முதல் 'சுய்கோடென்' மூன்று ஆண்டுகளுக்குப் பின் இரண்டாம் பாகத்தில்தானே முதிர்ச்சி கண்டது.

'எய்யூடென் குரோனிக்கல்' 2024 ஏப்ரல் 23-இல் வெளிவந்தது. கொனாமி நிறுவனம் பழைய 'சுய்கோடென்' முதலிரு பாகங்களையும் புதுக்கி 2025 மார்ச்சில் வெளியிட்டது. பெயர் தாங்கியதையும் பெயர் பெறாததையும் இப்போது ஒரே திரையில் அடுத்தடுத்து ஆடிப் பார்க்கலாம். இரண்டையும் எழுதிய முராயாமா 2024 பிப்ரவரி 6-இல் மறைந்தார்; இவ்விரு வெளியீடுகளுள் எதையும் அவர் காணவில்லை.